பாதியில் நின்ற கிராஸ் ஸ்டிச்: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

பல வருஷம் பெட்டியில் கிடந்த கிராஸ் ஸ்டிச்சை, அதாவது துணியின் கட்டங்களை எண்ணிப் பெருக்கல் குறிகளாகத் தைக்கும் வேலையை, கையில் எடுத்ததும் எல்லாரும் செய்வது, விட்ட இடத்தைத் தேடி ஊசியை நுழைப்பது. அது வேண்டாம். முதலில் துணி பிழைக்குமா என்று பாருங்கள். அடுத்து தையல் கட்டங்களின் எண்ணிக்கை. நூலைப் பற்றிய கவலை கடைசியில் போதும். நூலெல்லாம் வாங்கி, கண் நோகத் தைத்த பிறகு துணி மடிப்பில் விட்டுப்போனால் பழைய உழைப்போடு புது உழைப்பும் போய்விடும்.

காலை வெளிச்சத்தில், பாய்மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் துணியைப் பரப்புங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிக நேரம் பாருங்கள். எத்தனை இழையில் தைத்தது, கை எந்தத் திசையில் போனது, நூல் எங்கே முடிந்தது, நிறம் முதலில் எப்படி இருந்தது, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவைத்துவிட்டு மேலே போகலாம்.

பூஞ்சை வாடை, சாம்பல் புள்ளி

தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் இருந்த துணி என்றால் இது சாதாரணம். ஆனி, ஆடிச் சாரல் நாளில் பூட்டிய பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறும். பஞ்சு நூலும் துணியில் ஏற்றிய கஞ்சியும் பூஞ்சைக்கு நல்ல தீனி.

ஈரத்தோடு தேய்க்காதீர்கள். தேய்த்தால் பூஞ்சை இழைக்குள் இறங்கும். நன்றாகக் காற்றோட்டத்தில் காயவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். அப்புறம் பின்பக்கம் மேலே இருக்கும்படி இளவெயிலில் கொஞ்ச நேரம். உச்சி வெயில் ஆகாது. எங்கள் ஊர்ப் பங்குனி வெயிலில் சிவப்பும் நீலமும் ஒரே நாளில் வெளுக்கத் தொடங்கும். வாடை போன பிறகுதான் துவைப்பது.

பாச்சை உருண்டை வாடை மட்டும் இருந்தால் நிழலில் சில நாள் காற்றாட விட்டாலே போதும்.

மடிப்பில் மஞ்சள் கோடு, தொட்டால் முறுமுறுப்பு

மஞ்சள் பயப்படும் விஷயம் அல்ல. துணி இற்றிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தையல் இல்லாத ஓரத்தில், மடிப்பு விழுந்த இடத்தின் இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். நெசவு தாங்கினால் துவைக்கலாம், தைக்கலாம். படபடவென்று இழை அறுந்தால் அந்தத் துணியில் இனி ஒரு தையலும் போடக்கூடாது. தைத்த பகுதிக்குப் பின்னால் மெல்லிய மல் துணியைக் கைத்தையலால் பொருத்தி, இருப்பதை இருந்தபடி சட்டம் போட்டுவிடுங்கள். மிச்ச டிசைனை வேண்டுமானால் புதுத் துணியில் முதலிலிருந்து தைக்கலாம். இற்ற துணியை, தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் மாட்டி முறுக்கினால் இருப்பதும் போகும்.

துவைத்தால் சாயம் இறங்குமோ என்ற பயம்

நியாயமான பயம். ஒவ்வொரு அழுத்தமான நிறத்தின்மேலும், குறிப்பாகச் சிவப்பு, கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு இவற்றின்மேல், நனைத்த வெள்ளைப் பஞ்சைப் பின்பக்கத்தில் வைத்து அரை நிமிஷம் அழுத்துங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் இப்போது துவைக்காதீர்கள். வேலையை முடித்து, கடைசியில் ஒரே ஒரு தடவை கவனமாக அலசுவது நல்லது.

ஒட்டவில்லை என்றால் துவைக்கலாம். இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் வரும் குழாய் என்றால் யோசிக்கவே வேண்டாம். ராதாபுரம், திசையன்விளை பக்கம் பல வீடுகளில் போர்த் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, துணியில் வெள்ளையாகப் படியும். இரும்புச் சத்துள்ள தண்ணீராக இருந்தால் வெள்ளைத் துணி இன்னும் மஞ்சளாகும். குடிக்கப் பிடித்துவைத்த தண்ணீரில் ஒரு வாளி எடுங்கள். பெரிய துணியாக இருந்தால் கடைசி அலசலுக்காவது அது வேண்டும்.

குளிர்ந்த தண்ணீர், மென்மையான திரவ சோப்பு கொஞ்சம். ஊறவைத்து அமுக்கி அமுக்கி எடுங்கள். கசக்குவது, பிழிவது, கல்லில் வைப்பது எதுவும் கூடாது. நீலம் போடக்கூடாது. வெள்ளை பளிச்சென்று வரும் என்று போடுவார்கள், அது தையலின் மஞ்சள், ரோஸ் நிறங்களையும் மாற்றிவிடும். கஞ்சியும் வேண்டாம், காரணம் கீழே வரும். அலசியதும் ஒரு டர்க்கி டவலில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் போய்விடும். நிழலில் படுக்கையாகப் போட்டுக் காயவிடுங்கள்.

சாயம் இறங்கியே விட்டதா? காயவிடாதீர்கள். இந்தக் கோளாறில் அதுதான் முக்கியம். காய்ந்தாலோ இஸ்திரி பட்டாலோ கறை நின்றுவிடும். ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள், ராத்திரி முழுக்க ஆனாலும் சரி. உப்புப் போடு, வினிகர் போடு என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். சாயம் ஏற்றி முடித்த பஞ்சு நூலில் அது இரண்டும் சாயத்தைப் பிடித்துவைக்காது. ஒட்டாத சாயத்தை வெளியேற்றும் தண்ணீர்தான் மருந்து.

துரு

ஊசியைத் துணியிலேயே குத்திவைத்து மடித்திருப்பார்கள். இல்லையென்றால் இரும்புப் பெட்டியின் அடித்தகடு பட்டிருக்கும். ஊசி அசையாவிட்டால் பலமாக இழுக்காதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் துருவைத் தளர்த்தும், ஆனால் துணியில் எண்ணெய்க் கறை வைக்கும். அதனால் ஊசியைச் சுற்றியுள்ள தையலை இரண்டு மூன்று பிரித்து, ஊசியை மெல்லச் சுழற்றி எடுப்பது மேல்.

வெற்றுத் துணியில் உள்ள துருவுக்கு எலுமிச்சையும் உப்பும் போதும். புளியங்குடி எலுமிச்சை ஒன்றைப் பிழிந்து, உப்பைக் கலந்து, காதுக்குச்சிப் பஞ்சால் கறைமேல் மட்டும் வைத்து, கொஞ்ச நேரம் விட்டு நன்றாக அலசுங்கள். போகாவிட்டால் மறுபடியும். எலுமிச்சையின் புளிப்பு இரும்பைக் கரைத்து எடுக்கும், ஆனால் அந்தப் புளிப்பு துணியில் தங்கினால் பஞ்சு இற்றுப்போகும். ஆகவே வைப்பதைவிட அலசுவதில் கவனம் வேண்டும். நிற நூலின்மேல் படக்கூடாது. தையலுக்கு அடியில் துரு இருந்தால் அந்தத் தையலைப் பிரித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். குளோரின் பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், அது துருவை இன்னும் பிடிக்க வைக்கும்.

வளையத்தின் வட்டத் தடம்

வளையத்தோடு கிடந்த துணி. வட்டத்தில் படிந்தது பெரும்பாலும் அழுக்கும் கை எண்ணெயும்தான், துவைத்தால் பெரும்பகுதி போகும். நெசவு நசுங்கியிருந்தால் நனைத்து, நகத்தால் இரு திசையிலும் மெல்ல வருடி, பின்பக்கத்தில் இஸ்திரி போடுங்கள். இனி தைத்து எழுந்திருக்கும்போதெல்லாம் வளையத்தைக் கழற்றிவையுங்கள்.

பூச்சி அரித்த ஓட்டை

பளபளவென்று நெளியும் ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி பிடிக்கும். கஞ்சி போட்ட துணி, பசை போட்ட டிசைன் காகிதம் இரண்டையும் தின்னும். கஞ்சி வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான்.

ஒன்றிரண்டு கட்டம் அளவு ஓட்டை என்றால் அதே துணியின் ஓரத்திலிருந்து இழை உருவி, ஓட்டைக்கு மேலும் கீழும், அப்புறம் குறுக்காகவும் ஓட்டி நெய்துவிடுங்கள். அந்த இடத்தில் தையல் வருமானால் வெளியே தெரியாது. வெற்றுப் பின்னணியில் வந்தால் டிசைனில் இல்லாத ஒரு சின்னப் பூவையோ இலையையோ அங்கே வைத்துவிடலாம், தப்பில்லை.

எங்கே விட்டோம் என்றே தெரியவில்லை

இதிலிருந்து எண்ணிக்கைக் கோளாறுகள். இங்கேதான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள், இங்கேதான் பொறுமைக்குப் பலனும் அதிகம்.

முதலில் துணியின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது கிடைக்கும் ஐடா துணியில் கட்டம் தெளிவாக இருக்கும். 14 எண் ஐடா என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், 140 தையல் அகல டிசைன் 10 அங்குலம் வரும். ஆனால் நம் பக்கத்துப் பழைய பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் மேட்டி துணி. பள்ளித் தையல் வகுப்பில் டிரே கவரும் தலையணை உறையும் தைத்தது அதில்தான். மேட்டியில் நெடுக்கு இழையும் குறுக்கு இழையும் ஒரே நெருக்கத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. ஸ்கேலை வைத்து நெடுக்கில் ஓர் அங்குலம், குறுக்கில் ஓர் அங்குலம் தனித்தனியாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் தைத்த கிளி கொஞ்சம் ஒல்லியாகவோ குட்டையாகவோ தெரிவது தையலின் குற்றம் அல்ல. அப்படிப்பட்ட துணியை நடுவில் திருப்பிப் பிடித்துத் தைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து, துணியின் நடுப்புள்ளியை மறந்துவிடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது சரி. பாதி முடிந்த வேலையில், துணி முதலில் நடுவில் பிடிக்கப்பட்டதா என்பதே தெரியாது. அதற்குப் பதில், சந்தேகமே இல்லாமல் முழுதாக முடிந்த ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுங்கள்: கிளியின் கண், வீட்டின் கூரை முனை, ஓர் எழுத்தின் மூலை. டிசைனைக் கட்டம் கட்டமாக அச்சிட்ட தாளான கிராஃபில் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் குறியுங்கள். இனி எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான்.

அந்தப் புள்ளியிலிருந்து பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு, நெடுக்கிலும் குறுக்கிலும், சாதாரணத் தையல் நூலால் ஓட்டுத் தையல் போடுங்கள். வெளிர் நிற நூலாக இருக்கட்டும், அடர்ந்த நூல் உருவும்போது வெள்ளைத் துணியில் பிசிறு விடும். தண்ணீரில் அழியும் பேனாவும் கிடைக்கிறது. அதன் கோட்டின்மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் பிறகு அழியாது. ஒரு தடவை துவைத்த பழைய துணிக்கு நான் நூலையே சொல்வேன்.

கிராஃபிலும் பத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். இப்போது துணியில் ஒரு பெட்டி, தாளில் ஒரு பெட்டி. முடிந்த பெட்டிகளைத் தாளில் மஞ்சள் மையால் நிரப்பிக்கொண்டே வாருங்கள். ஒரு சாயங்காலத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

கிராஃபே இல்லையா? பின்பக்கமும் முன்பக்கமும் பார்த்து, தைத்ததை ஒரு கட்டம் போட்ட நோட்டில் திரும்ப வரைந்துகொள்ளலாம். இருபுறமும் ஒத்த உருவம் என்றால் பாதி கிடைத்தாலே மீதி கிடைத்த மாதிரி. பூத்தோட்டம், காட்சி மாதிரி என்றால் மீதியை நீங்களே யோசித்து வரைய வேண்டும். தயங்காமல் வரையுங்கள்.

ஒரு கட்டம் உதைக்கிறது

கோடு போட்டவுடன் வெளியே வரும் கோளாறு இது. துணியின் கோடும் தாளின் கோடும் ஓர் இடம்வரை ஒத்துப்போகும், அதற்கு மேல் போகாது. கடைசியாக ஒத்துப்போன கோட்டுக்கும் ஒத்துப்போகாத முதல் கோட்டுக்கும் நடுவில்தான் பிழை. அந்தப் பத்துக் கட்டத்தை மட்டும் எண்ணினால் போதும், முழுத் துணியையும் எண்ண வேண்டியதில்லை. பலர் கடைசித் தையலிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குழம்புகிறார்கள்.

பிழை கிடைத்தபின் பிரிப்பதா விடுவதா? தனியாக நிற்கும் பூ, இலை, பறவை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் விடுங்கள். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதைத் தாளில் திருத்தி எழுதிக்கொண்டு, அதை ஒட்டி வரும் காம்பையும் சேர்த்துத் தள்ளிக்கொள்ளுங்கள். முகம், இருபுறமும் ஒத்த கோலம், மூலையில் சேர வேண்டிய பார்டர் இவற்றில் விட முடியாது. பார்டர் நீளமாகத் தைத்தாகிவிட்டதென்றால், மீதிப் பக்கத்தில் பூவுக்கும் பூவுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் ஒரு கட்டம் கூட்டியோ குறைத்தோ மூலையைச் சேர்த்துவிடலாம். மூலையிலேயே சரிக்கட்டப் பார்க்காதீர்கள். கண் முதலில் போவது மூலைக்குத்தான்.

தமிழ் எழுத்து தைத்திருந்தால் இரக்கமே காட்டக்கூடாது. 'நல்வரவு' என்று வாசலுக்குத் தைக்கும்போது ல் மேல் வரும் புள்ளி ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்தால் அது வ-வின் புள்ளியாகத் தெரியும். வேத வசனம் தைத்த பலகைகளிலும் இதே தொல்லை. பிரித்துத்தான் ஆக வேண்டும்.

பிரிக்கும் முறை: பெருக்கல் குறியின் இரண்டு சாய்கோடுகளில் (கால் என்போம்) மேலே படிந்ததை இரண்டு மூன்று தையலுக்கு ஒரு தடவை சின்னக் கத்தரியால் வெட்டி, பின்பக்கத்திலிருந்து ஊசியின் காதால் இழுங்கள். நீளமாக உருவ முயன்றால் பக்கத்துத் தையலும் தளரும். கறுப்பு, சிவப்பு நூல் விட்ட பிசிறை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். பிரித்த நூலைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். அகன்ற துளைகள் துவைத்தால் மூடிக்கொள்ளும்.

நூல் போதவில்லை, எண் தெரியவில்லை

நம் கடைகளில் பெரும்பாலும் ஆங்கர்தான், மதுரா கோட்ஸ் நெடுங்காலமாக விற்றுவந்த நூல். விக்கிரமசிங்கபுரத்தில் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கி பிற்பாடு மதுரா கோட்ஸ் ஆன ஆலையை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. வெளிநாட்டு டிசைன்கள் டிஎம்சி என்ற பிரெஞ்சு நூல் கம்பெனியின் எண்ணில் வரும். மாற்று அட்டவணைகள் உண்டு: டிஎம்சி 310 கறுப்பு, ஆங்கரில் 403. கறுப்பு வெள்ளைக்கு அட்டவணையை நம்பலாம். ஒரே நிறம் நாலைந்து படியாக வெளுத்துப்போகும் இடத்தில் நம்பாதீர்கள், நடுவில் ஒரு படி மட்டும் மாற்று நூல் வந்தால் துருத்தித் தெரியும். அங்கே அந்த வரிசை முழுவதையும் ஒரே கம்பெனியில் எடுங்கள்.

லேபிள் போய்விட்டால் துணியையே கடைக்குக் கொண்டுபோய், கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். முன்பக்கத்தோடு ஒப்பிடுவதா, பின்பக்கத்தோடா? பழைய எண்ணைக் கண்டுபிடிக்கப் பின்பக்கம். வாங்குவதற்கு முன்பக்கம். முன்பக்கம் வெளுத்திருந்தால் சரியான எண்ணே இப்போது அடர்த்தியாகத் தெரியும், ஒரு படி வெளிர்ந்ததை எடுக்க வேண்டும்.

அதே எண் வாங்கினாலும் சாயத் தொட்டிக்குத் தொட்டி சிறு வித்தியாசம் வரும். பழைய நூல் கொஞ்சம் மிச்சமிருந்தால் அதை முழுதும் தீர்த்துவிடாதீர்கள். பழையதில் ஓர் இழை, புதியதில் ஓர் இழை சேர்த்து ஊசியில் கோத்து ஒன்றிரண்டு வரிசை தைத்து, பிறகு முழுப் புது நூலுக்குப் போனால் சேர்மானம் தெரியாது. எவ்வளவு தேவை என்று பார்க்க, 14 எண் துணியில் இரட்டை இழையில் பத்துத் தையலுக்கு ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு, தொடக்கம் முடிவில் வீணாவதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிச்ச நூலே இற்றிருக்கலாம். ஒரு முழம் எடுத்துச் சுண்டுங்கள். லேசான இழுப்பில் அறுந்தால் தூக்கிப் போடுங்கள்.

புதுத் தையல் பழையதோடு சேரவில்லை

எண்ணிக்கை சரி, நூலும் சரி, ஆனாலும் பார்த்தவுடன் எல்லை தெரிகிறது. மேலே படியும் கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பழையதில் இடமிருந்து வலமாக ஏறினால் புதியதிலும் அப்படியே. இது ஒன்று மாறினாலே வெளிச்சம் வேறு மாதிரி பட்டு, அதே நிறம் வேறு நிறமாகத் தெரியும். அடுத்தது இழை எண்ணிக்கை. ஊசி முனையால் பழைய தையல் ஒன்றைப் பிரித்து எண்ணுங்கள், 14 எண் துணிக்கு இரண்டு வழக்கம், 11-க்கு மூன்று. இரண்டும் ஒத்துப்போனால் மிச்சம் கையின் இறுக்கம். துணி ஓரத்தில் பத்துத் தையல் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

ஆச்சியோ பெரியம்மையோ விட்டுப்போன வேலை என்றால் இந்த வித்தியாசத்தை முழுதாகப் போக்க முடியாது. போக்கவும் வேண்டாம் என்பேன். கால்டுவெல்லின் மனைவி எலிசா இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து இந்தப் பக்கத்து வீடுகளில் ஊசி வேலை கைமாறி வருகிறது. சாய்வை மட்டும் அவர்கள் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கம் உங்களுடையதாக இருக்கட்டும். ஓரத்தில் இரண்டு பேர் முதலெழுத்தும் இரண்டு வருஷமும் தைத்துவையுங்கள்.

கட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை

துணியில் குறை இல்லை, வெள்ளெழுத்து. கண்ணாடி போடுங்கள். மடியில் அடர்ந்த நிறத் துணி விரித்துக்கொண்டால் வெள்ளைத் துணியின் துளைகள் தெரியும். முனை மழுங்கிய 24 எண் ஊசி 14 எண் துணிக்குச் சரி, கூர் ஊசி இழையைப் பிளக்கும்.

முடிக்க மனமில்லை

இதுவும் ஒரு கோளாறுதான், தீர்வும் உண்டு. டிசைன் பெரிதாக இருந்து ஆசை சிறிதாகிவிட்டால், முழுதாக முடிந்த உருவத்தைச் சுற்றி ஒரு பார்டர் போட்டு அதை மட்டும் சட்டத்துக்கு எடுங்கள். ஜோடிக் கிளியில் ஒன்று போதும். துணியை வெட்டும்போது நாலு பக்கமும் மூன்று அங்குலம் விடுங்கள்.

சட்டக் கடையில் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு வாருங்கள்: துணியைப் பசையால் ஒட்டக்கூடாது, அட்டையின் பின்னால் நூலால் இழுத்துக் கட்ட வேண்டும், கண்ணாடி தையலைத் தொடாமல் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். மழைக்கு ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தோடு கரையானும் அந்தச் சுவர் வழியாகத்தான் சட்டத்துக்கு ஏறும்.